நூறு வயது ஆகாத கட்டடத்தைச் சட்டப்படி காப்பாற்றுவது எப்படி?

அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. நமக்கு அது எத்தனை பழைய அடையாளமாகத் தெரிந்தாலும், மத்தியத் தொல்லியல் சட்டத்தின் கணக்கில் பழசாக 2059 வரை பொறுத்திருக்க வேண்டும். 1958ஆம் ஆண்டுச் சட்டம் நூறு ஆண்டு நிறைந்த கட்டுமானத்தைத்தான் புராதனச் சின்னம் என்று ஏற்கும். கோயிலும் கோட்டையும் அதற்குள் வந்துவிடும். 1930களின் பிற்பகுதியில், வளைந்த மூலையும் கோட்டு அலங்காரமுமாக ஆர்ட் டெக்கோ பாணியில் கட்டிய வீடு, 50களின் சினிமா தியேட்டர், 60களின் கல்லூரி, 70களின் கான்கிரீட் மண்டபம் எதுவும் வராது.

அப்படியானால் இவற்றுக்குச் சட்டமே இல்லையா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். இருக்கிறது, ஆனால் தொல்லியல் துறையில் இல்லை. நகரமைப்பு அலுவலகத்தில் இருக்கிறது. வாசல் தெரியாமல் போய் மனு கொடுத்து, மூன்று மாதம் கழித்து "இது எங்கள் வரம்பில் வராது" என்று ஒற்றை வரிப் பதில் வாங்கியவன் நான். வக்கீல் இல்லை. சென்னையில் இந்த மாதிரிக் கட்டடங்களைப் படமெடுத்து, கோப்பு போட்டு, மனு கொடுத்து, பெரும்பாலும் தோற்ற ஆள். தோற்ற இடங்களைச் சொன்னால் உங்களுக்கு வருஷக்கணக்கில் நேரம் மிச்சமாகும்.

முதலில் டெல்லி பாடம்

இந்தத் துறைக்குள் வரும் யாரும் ஹால் ஆஃப் நேஷன்ஸ் கதையைத் தெரிந்துகொண்டுதான் வர வேண்டும். சுதந்திரத்தின் 25ஆம் ஆண்டையொட்டி 1972இல் டெல்லி பிரகதி மைதானத்தில் நடந்த ஆசியக் கண்காட்சிக்காகக் கட்டியது. வடிவமைத்தவர் ராஜ் ரேவல், கட்டமைப்புப் பொறியாளர் மகேந்திர ராஜ். உள்ளே ஒரு தூண்கூட இல்லாமல் 78 மீட்டர் அகலம். தூணில்லாமல் கூரையைத் தாங்க முக்கோணங்களாகக் கோத்த இந்த மாதிரிச் சட்டகத்தை, அதாவது ஸ்பேஸ் ஃப்ரேமை, உலகத்தில் இரும்புக் குழாயில் செய்வார்கள். இங்கே இரும்புக்குத் தட்டுப்பாடு, ஆள் பலத்துக்குக் குறைவில்லை. அதனால் முழுவதையும் கான்கிரீட்டில், கையால் வார்த்தார்கள். நம் ஏழ்மையையே பொறியியலாக மாற்றிய கட்டடம் அது.

பாரம்பரியத்தைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பின் டெல்லிக் கிளை 2013லேயே சுதந்திரத்துக்குப் பிந்தைய 62 கட்டடங்களின் பட்டியலைக் கொடுத்துப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கச் சொல்லியிருந்தது. இதுவும் அதில் உண்டு. பட்டியல் நகரவில்லை. 2017இல் டெல்லியின் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு, 60 வயதுக்கு மேற்பட்ட கட்டடங்களை மட்டுமே பரிசீலிப்போம் என்று முடிவெடுத்தது. ஹாலுக்கு அப்போது வயது 45. ஏப்ரல் 20ஆம் தேதி உயர் நீதிமன்றம் இடிப்பை எதிர்த்த மனுவைத் தள்ளுபடி செய்தது. 23ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இரவோடு இரவாக இடித்துத் தள்ளினார்கள்.

பட்டியலில் பெயர் இருந்தால் சட்டம் உண்டு. பட்டியலில் இல்லாத கட்டடத்துக்கு வெறும் புகழ்தான் உண்டு, புகழைக் காட்டித் தடை உத்தரவு வாங்க முடியாது. கீழே சொல்லும் எல்லா வேலையும் ஒரு கட்டடத்தின் பெயரைப் பட்டியலில் ஏற்றுவதற்கான வேலைதான். அதையும் யாரும் இடிக்க நினைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டும்.

படி 1: எந்த வாசல்?

நம் நாட்டில் முதன்முதலில் மும்பைதான் நகரக் கட்டட விதிகளுக்குள்ளேயே பாரம்பரியப் பாதுகாப்பைக் கொண்டுவந்தது, 1995இல். பட்டியலில் உள்ள கட்டடத்தில் கைவைக்க மாநகராட்சி ஆணையர் ஒரு நிபுணர் குழுவைக் கேட்டாக வேண்டும் என்பது அதன் சாரம். அந்த மாதிரியைத்தான் பிற ஊர்கள் எடுத்துக்கொண்டன. மெரின் டிரைவ் பக்கத்து ஆர்ட் டெக்கோ அடுக்ககங்கள் பட்டியல், தரம் எல்லாம் முறையாகக் கிடைத்த பிறகே 2018இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக உயர்ந்தன.

சென்னைக் கதை கொஞ்சம் வேடிக்கையானது. இங்கே பட்டியல் பிறந்தது விளம்பரப் பலகைகளால். தெருவை மறைக்கும் ஹோர்டிங்குகள் பற்றிய வழக்கில் நீதிபதி பத்மநாபன் குழு அமைந்தது. எந்தெந்தக் கட்டடங்களைப் பலகை மறைக்கக் கூடாது என்று அந்தக் குழு நானூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களைக் குறித்து வைத்தது. இன்னொரு பக்கம், அண்ணா சாலையில் 1897இல் கட்டிய பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006இல் இடிக்கத் தொடங்கியதும் இன்டாக் வழக்குப் போட்டது. 2010 ஏப்ரலில் தீர்ப்பு சொன்ன உயர் நீதிமன்றம், இடிப்பைத் தடுத்ததோடு அந்த ஹோர்டிங் பட்டியலையே பாரம்பரியப் பட்டியலாக எடுத்துக்கொண்டு, சி.எம்.டி.ஏ.வில் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) பாரம்பரியப் பாதுகாப்புக் குழு இயங்க வழி செய்தது. வேறு காரியத்துக்கு எழுதிய தாள் கட்டடங்களைக் காப்பாற்றியது. தாளில் பெயர் இருப்பதன் மதிப்பு இதுதான்.

ஆகவே சென்னை எல்லைக்குள் என்றால் உங்கள் வாசல் சி.எம்.டி.ஏ.வின் அந்தக் குழு. மற்ற ஊர்களில் நகர் ஊரமைப்புத் துறை. தமிழ்நாடு மரபுக் கட்டடங்களுக்கான ஆணையச் சட்டம் என்று ஒன்று 2012இல் நிறைவேறி, நடைமுறைக்கு வராமலே வருஷக்கணக்கில் கிடந்தது. மனுவில் அதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். ஒரு நகல் மாநகராட்சி ஆணையருக்குப் போக வேண்டும், ஏனென்றால் இடிப்பு அனுமதி அங்கிருந்துதான் போகும். குழுவிடம் மனு இருப்பது இடிப்பு அனுமதி கொடுக்கும் மேசைக்குத் தெரியாமல் போவது சாதாரணமாக நடக்கிற விஷயம்.

படி 2: கட்டடத்துக்கு ஒரு கோப்பு

இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். அவசரப்படாதீர்கள்.

கட்டிய ஆண்டு நிரூபணமாக வேண்டும். வீட்டு முகப்பில் சிமென்ட்டில் ஆண்டு போட்டிருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் மாநகராட்சி அனுமதித்த பழைய வரைபடம், வில்லங்கச் சான்று, சொத்துவரி ரசீது, திறப்பு விழா அழைப்பிதழ், அந்தக் கால நாளிதழ் விளம்பரம். அரசுக் கட்டடமானால் பொதுப்பணித் துறை வரைபடம், கல்லூரியானால் ஆண்டு மலர். பழைய ஆண்டு மலர்களில் புதுக் கட்டடத்தின் படமும் கொடையாளர் பெயரும் செலவுத் தொகையும் வரிசையாக இருக்கும். நூலகரிடம் கேட்டால் பரணிலிருந்து எடுத்துக் கொடுப்பார். கூடவே ஒரு தும்மலும் கிடைக்கும்.

வடிவமைத்தவர் யார் என்பது அடுத்தது. தெரியாவிட்டால் ஊகித்து எழுதாதீர்கள். ஒரு தவறான பெயர் மொத்தக் கோப்பையும் சந்தேகத்துக்கு இடமாக்கிவிடும்.

படங்கள்: தெருவிலிருந்து முழு முகப்பு, நாலு பக்கம், படிக்கட்டு, கைப்பிடி, ஜன்னல் கிரில், சன்ஷேடு, மொசைக் தரை, வெயில் தடுக்கும் கான்கிரீட் ஜாலி. ஒவ்வொன்றுக்கும் தேதி. இந்தக் காலக் கட்டடங்களுக்கு உயிர் இந்தச் சின்ன விஷயங்களில்தான். கோபுரம், சிற்பம் மாதிரிப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட வைக்கும் எதுவும் இருக்காது. ஒரு பால்கனி மூலையில் நேராகத் திரும்பாமல் வளைந்து போகிறது, அந்த வளைவைப் பின்பற்றியே உள்ளே சுவரும், சுவரை ஒட்டி மரப் பெஞ்சும் வளைகின்றன. அதைக் காட்டுகிற படம் பத்துப் பக்கக் கட்டுரைக்குச் சமம்.

வடிவம் எப்படி இருக்க வேண்டும் என்று குழப்பமானால், நவீனக் கட்டடங்களைப் பதிவு செய்வதற்கென்றே 1988இல் நெதர்லாந்தில் தொடங்கிய டோகோமோமோ அமைப்பின் சிறு படிவத்தைத் தேடி எடுங்கள். அந்தக் கேள்விகளுக்குத் தமிழில் பதில் எழுதினாலே பாதி கோப்பு தயார்.

படி 3: ஏன் முக்கியம் என்று ஒரு பக்கம்

"மிக அழகான கட்டடம்" என்று எழுதினால் அதிகாரி அடுத்த கோப்புக்குப் போய்விடுவார். மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு மாதிரிக் கட்டட விதிகளில் பாரம்பரியத்துக்கு ஒரு தனி அத்தியாயம் உண்டு. கட்டடக்கலை, வரலாறு, பண்பாடு ஆகியவற்றில் மதிப்பு, தொழில்நுட்ப வளர்ச்சியைக் காட்டுவது, சமூக, பொருளாதார வரலாற்றோடு தொடர்பு, தெருக் காட்சியில் இடம் என்று அளவுகோல்களை அடுக்குகிறது. பாரம்பரியக் கட்டடம் என்பதற்கு அது தரும் விளக்கத்தில் வயது எண் கிடையாது. இந்த ஒரு வரியை மனுவில் கொட்டை எழுத்தில் போடுங்கள். "நூறு வருஷம் ஆகலையே சார்" என்ற பேச்சு மேசையில் எழும்போது எடுத்துக் காட்ட இது உதவும்.

எழுதும் விதத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. "இந்த வீடு பழமையானது, கலைநயம் மிக்கது" என்பது வெறும் பேச்சு. "இந்தத் தெருவில் 1940களில் கட்டிய பதினொரு வீடுகளில் மிஞ்சியிருப்பது இது ஒன்று, முகப்பு, கிரில், தரை மூன்றும் மாறாமல் இருக்கின்றன, மேற்கு வெயிலைத் தடுக்க இரட்டைச் சன்ஷேடு போட்டிருப்பது இந்தத் தெருவில் வேறெங்கும் இல்லை" என்பது ஆதாரம். நீங்களே தெருவில் நடந்து எண்ணிய எண்ணாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வயதுத் தடையை உடைக்க வெளிநாட்டு உதாரணம் ஒன்று போதும். இங்கிலாந்தில் பொதுவாக 30 வருஷம் கழித்துத்தான் பட்டியலுக்கு எடுப்பார்கள். ஆனாலும் கட்டடக்கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் இப்ஸ்விச்சில் 1975இல் முடித்த வில்லிஸ் அலுவலகத்தை 1991லேயே முதல் தரத்தில் சேர்த்தார்கள். வயது 16. சண்டிகரையும் குறிப்பிடலாம். சட்டமன்றம், தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம் அடங்கிய கேபிடல் வளாகம், அதை வடிவமைத்த லெ கார்பூசியேவின் படைப்புகளில் ஒன்றாக 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், அந்நகரின் முதல் கட்டச் செக்டர்களில் தனி வீடுகளை அடுக்ககங்களாகக் கூறுபோடத் தடை சொன்னது. நீதிமன்றம் பிடித்துக்கொண்ட கொம்பு அந்நகரின் மாஸ்டர் பிளான். அங்கே பாரம்பரியம் என்ற சொல் ஏற்கெனவே எழுத்தில் இருந்தது.

படி 4: வீட்டுக்காரரிடம் பேசுங்கள்

பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உரிமையாளருக்குத் தெரியாமல் மனு கொடுத்தால் அவர் முதலில் செய்வது இடிப்பு காண்ட்ராக்டரைக் கூப்பிடுவதுதான்.

மேற்குச் சென்னையில் ஒரு வீடு. வாசல் கேட்டில் உதயசூரியக் கிரில், வளைந்த பால்கனி. எண்பது தாண்டிய ஓர் அம்மா மட்டும் இருந்தார். "எங்க மாமனார் கட்டினதுப்பா" என்று மொசைக் தரையைக் காலால் தேய்த்துக் காட்டினார். எல்லாம் பேசி முடித்ததும் குரலைத் தாழ்த்தி, "கவர்மென்ட் எடுத்துக்குமாப்பா?" என்றார்.

எல்லோர் மனதிலும் இருக்கிற பயம் இதுதான். தெளிவாகச் சொல்லுங்கள்: பட்டியலில் ஏறினால் சொத்து கைமாறாது. விற்கலாம், வாடகைக்கு விடலாம், குடியிருக்கலாம். தரம் மூன்று வகை. முதல் தரத்தில் பலப்படுத்தும் வேலை தவிர உள்ளும் புறமும் கைவைக்க முடியாது. இரண்டாம் தரத்தில் உள்ளே மாற்றிக்கொள்ளலாம், புது உபயோகத்துக்கு விடலாம். மூன்றாம் தரத்தில் வெளியேயும் ஓரளவு மாற்றலாம். நம் 40கள், 50களின் வீடுகளுக்குப் பெரும்பாலும் கடைசி இரண்டில் ஒன்றைக் கேட்பதே நியாயம். பேராசையில் முதல் தரம் கேட்டு உரிமையாளரை எதிரியாக்கிக்கொள்ள வேண்டாம்.

பணக் கேள்விக்கும் பதில் வேண்டும், மழுப்பக் கூடாது. நாலு மாடி கட்டக்கூடிய மனையில் இரண்டு மாடி வீட்டைக் காத்து நிற்பவருக்கு நஷ்டம் உண்மையானது. மிச்சக் கட்டுமான உரிமையை வேறிடத்துக்கு மாற்றி விற்கும் ஏற்பாடு மும்பையில் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் ஊரில் அதற்கு இடம் உண்டா என்பதை நகரமைப்பு அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு போய்ப் பேசுங்கள்.

அந்த அம்மா சம்மதித்தார். நான்தான் படிவத்தை முடிக்க மழைக்காலம் போகட்டும் என்று தள்ளிப்போட்டேன். அவர் காலமாகி, பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து, ஒரு ஞாயிறு காலை நான் போனபோது வீட்டைச் சுற்றி நீலத் தகரம் அடித்திருந்தது.

படி 5: மனு, ரசீது, ஆர்.டி.ஐ.

மனுவை நேரில் கொடுங்கள். முத்திரையும் தேதியும் வைத்த ஏற்பு நகல் இல்லாமல் திரும்பாதீர்கள். இரண்டு மாதத்தில் சத்தம் இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. "என் மனு என்ன ஆயிற்று?" என்று பொதுவாகக் கேட்காமல் நறுக்கென்று கேளுங்கள். இந்தத் தேதி மனு எந்தக் கூட்டத்தில் வைக்கப்பட்டது? அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு நகல் தேவை. இந்தச் சர்வே எண்ணில் திட்ட அனுமதியோ இடிப்பு அனுமதியோ கேட்டு விண்ணப்பம் வந்துள்ளதா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில்தான் பல நேரம் விஷயம் வெளியே வரும்.

குழு வரைவுப் பட்டியலை வெளியிட்டு ஆட்சேபம் கேட்கும்போது ஆதரவுக் கடிதம் கொடுக்கவும் ஆள் வேண்டும். ஆட்சேபிக்கிறவர்கள் தவறாமல் வருவார்கள். நாம்தான் வரமாட்டோம்.

படி 6: "ஸ்ட்ரக்சர் வீக் சார்"

கான்கிரீட் கட்டடத்துக்கு எதிராக எடுக்கும் முதல் ஆயுதம் இது. அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் லூயி கான் வடிவமைத்த செங்கல் மாணவர் விடுதிகளுக்கும் சொன்ன காரணம் கட்டமைப்புச் சிதைவுதான். 2020 டிசம்பரில் 18 விடுதிகளில் 14ஐ இடிக்கப் போவதாக அறிவித்து, உலகம் முழுக்க எதிர்ப்புக் கிளம்ப, 2021 ஜனவரி முதல் நாளே திரும்பப் பெற்றார்கள். 2022 நவம்பரில் மறுபடி இடிக்கும் முடிவுக்கே வந்தார்கள். இணையத்தில் கையெழுத்து வாங்கினால் அவகாசம் கிடைக்கும். அந்த அவகாசத்தில் என்ன செய்தோம் என்பதே கேள்வி.

செய்ய வேண்டியது தனி ஆய்வு. பழைய கான்கிரீட்டில் அனுபவமுள்ள கட்டமைப்புப் பொறியாளரை உரிமையாளர் அனுமதியோடு கூட்டிப்போங்கள். 60களில் கட்டிய ஓர் அலுவலகத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். சீலிங்கில் சிமென்ட் பெயர்ந்து துருக் கம்பி தெரிந்தது. பார்த்த எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். பொறியாளர் ஒரு தூணில் சின்னதாக உடைத்து, தூசியை ஊதித் தள்ளி, பாட்டிலில் இருந்த பினாப்தலீனைத் தெளித்தார். வெளி விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்கு நிறமே மாறவில்லை. அதற்கு உள்ளே அப்படியே ரோஸ் கலரில் பூத்தது. "பாருங்க தம்பி, காத்துல இருக்கிற கரியமிலவாயு இவ்வளவு தூரம்தான் உள்ளே போயிருக்கு. கம்பி இதுக்கும் உள்ளே, ரோஸ்லதான் இருக்கு. தூண் நல்லா இருக்கு. போனது பாத்ரூமுக்குக் கீழே இருக்கிற சீலிங் மட்டும், அது தண்ணி கசிவு." அந்த ரோஸ் நிறப் படம் அறிக்கையோடு போனது. கூடவே மீயொலிச் சோதனை, சுத்தியல் எதிரடிச் சோதனை, தேவைப்பட்ட இடத்தில் உருளை வெட்டி எடுத்து நசுக்கிப் பார்ப்பது என்று மற்றவையும் உண்டு. அறிக்கை உண்மையிலேயே மோசமாக வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். இடிந்து விழும் கட்டடத்துக்காக வாதாடினால் அடுத்த கட்டடத்துக்கு உங்கள் பேச்சு எடுபடாது.

படி 7: கோர்ட்

கடைசி வழி இது. செலவும் வழக்கறிஞரும் வேண்டும். தனி ஆள் போவதைவிட, ஏற்கெனவே இந்த வேலையில் இருக்கிற அமைப்போடு சேர்ந்து உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனு போடுவது நல்லது. முதலில் கேட்கும் கேள்வி "இத்தனை நாள் என்ன செய்தீர்கள்?" என்பதாக இருக்கும். ஏற்பு நகல்களும் ஆர்.டி.ஐ. பதில்களும் அதற்குத்தான். மனு குழுவிடம் நிலுவையில் இருக்கும்போது இடிக்க அனுமதி கொடுத்தார்கள் என்று காட்ட முடிந்தால் உங்கள் கை ஓங்கும். கோர்ட்டுக்குப் போனவர்கள் பெரும்பாலும் கேட்டு வாங்குவது, முடிவு வரும்வரை இப்போதைய நிலை தொடரட்டும் என்ற இடைக்கால உத்தரவு. ஜே.சி.பி. வாசலுக்கு வந்துவிட்டால் அன்றைக்கே மதிய இடைவேளைக்குப் பிறகு அவசரமாக விசாரிக்கச் சொல்லும் லஞ்ச் மோஷன் கேட்க வேண்டியிருக்கும். இடிக்கிறவர்கள் வெள்ளி மாலையாகப் பார்த்து ஆரம்பிப்பார்கள். தற்செயல் என்று நான் நம்பவில்லை.

ஒரு வாதத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள்: வடிவமைத்தவரின் பதிப்புரிமை. பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையைப் படைப்பாளிக்குத் தருகிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தைப் பெயர்த்து எடுத்ததற்காக அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில், 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடும், மிச்சமிருந்த துண்டுகளையும் அவருக்குக் கொடுக்கச் சொன்னது. அதை நம்பி ராஜ் ரேவல், இடித்த ஹாலைத் திரும்பக் கட்டித்தரக் கேட்டுப் போனார். 2019இல் அதே நீதிமன்றம் மறுத்துவிட்டது. நிலமும் கட்டடமும் உரிமையாளருடைய சொத்து. முழுக்க இடித்துவிட்டால், சிதைந்த நிலையில் கண்முன் நிற்க எதுவும் மிச்சமில்லை, ஆகவே சிதைத்ததாகாது என்பது தீர்ப்பின் போக்கு. ஜன்னலை மாற்றினால் எதிர்க்கலாம், மொத்தமாகத் தரைமட்டமாக்கினால் முடியாது. சட்டம் அப்படி இருக்கிறது.

தகரம் அடித்துவிட்டால்

வெளியே நின்று புலம்பி நேரத்தைப் போக்காதீர்கள். முதலில் மாநகராட்சியில் இடிப்பு அனுமதி எண்ணைக் கேளுங்கள். அனுமதி இல்லாவிட்டால் அன்றைக்கே எழுத்தில் புகார். இருந்தால், உள்ளே போய்ப் பதிவு செய்ய உரிமையாளரிடம் ஒரு மணி நேரம் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். டேப்பை எடுத்துக்கொண்டு படிக்கட்டிலிருந்து தொடங்குங்கள், அதைத்தான் முதலில் உடைப்பார்கள். பழைய வரைபடச் சுருள் பீரோவில் இருக்கிறதா என்று கேளுங்கள். குப்பைக்குப் போகும் முன் வாங்கிவிடலாம்.

இடிப்பு மேஸ்திரியிடமும் பேச்சுக் கொடுங்கள். தேக்கு ஜன்னல் யாருக்குப் போகிறது, கிரில் யாருக்குப் போகிறது என்று அவருக்குத் தெரியும். உதயசூரியக் கேட்டைப் பழைய இரும்பு விலைக்கு, கிலோ கணக்கில்தான் எனக்கு எடை போட்டார். அது இப்போது எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. அந்தத் தெருவில் அதே கொல்லர் கை வேலை என்று தோன்றும் கேட் இன்னும் இரண்டு வீடுகளில் உண்டு. இரண்டுக்கும் படிவம் கொடுத்தாகிவிட்டது. ஏற்பு நகலில் தேதி முத்திரை தெளிவாகவே விழுந்திருக்கிறது.